படுக்கையிலிருந்து எழுந்தவர்கள்

1887ஆம் ஆண்டு, சார்லட் பெர்கின்ஸ் ஸ்டெட்சன் என்ற 26 வயதுப் பெண், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவரிடம் சிகிச்சைக்குச் சேர்ந்தார். அவருடைய மகளுக்கு அப்போது இரண்டு வயது. பிள்ளை பிறந்ததிலிருந்து அவரைப் பிடித்துக்கொண்ட சோர்வும் அழுகையும் விடவில்லை. மிட்செல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் காயம்பட்ட படைவீரர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பேர் வாங்கியவர். பின்னாளில் அவர் வகுத்த ‘ஓய்வு சிகிச்சை’ கடல் கடந்தும் பரவியிருந்தது. நோயாளி ஆறு முதல் எட்டு வாரம் வரை படுக்கையிலேயே கிடக்க வேண்டும். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, ஊசி நூல்கூடத் தொடக் கூடாது. உறவினர் வந்து பார்க்கக் கூடாது. பாலும் கொழுப்புமாக ஊட்டி உடம்பைத் தேற்றுவார்கள். அசையாமல் கிடக்கும் தசைகள் கெட்டுப்போகாமல் இருக்கக் கைகால்களைப் பிடித்துவிடுவார்கள், மின்சாரம் பாய்ச்சித் தசைகளைச் சுருங்கவைப்பார்கள்.

இந்தக் கடைசி விவரத்தில் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். தசைக்கு வேலை வேண்டும் என்று மிட்செலுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அந்த வேலையை அந்தப் பெண்ணே செய்யலாம் என்ற எண்ணத்துக்குத்தான் அவருடைய முறையில் இடமில்லை. அவளுடைய உடம்பு அசைய வேண்டும், ஆனால் அவள் அசையக் கூடாது.

ஒரு மாதம் கழித்து அவர் சார்லட்டை வீட்டுக்கு அனுப்பினார். கூடியவரை வீட்டோடு இருக்க வேண்டும், குழந்தையை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூளைக்கு வேலை கொடுக்கக் கூடாது, உயிருள்ளவரை பேனாவையோ தூரிகையையோ தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். சார்லட் சில மாதங்கள் அப்படியே நடந்து பார்த்தார். புத்தி பேதலிக்கும் விளிம்புவரை போனார். பிறகு அந்த அறிவுரைகளை உதறினார், கணவரைப் பிரிந்தார், எழுத உட்கார்ந்தார். 1892இல் ‘த எல்லோ வால்பேப்பர்’ என்ற அவருடைய கதை வெளிவந்தது. ஓர் அறைக்குள் ஓய்வில் வைக்கப்பட்ட பெண்ணின் கதை அது. பின்னாளில் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற பெயரில் பெண்ணிய வரலாற்றில் நிலைத்தவர் இவர்தான்.

இலக்கிய வகுப்புகளில் இந்தக் கதை நிறையப் பேசப்படுகிறது. அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. திருமணத்துக்கு முன்பு பிராவிடன்ஸ் நகரத்தில் பெண்களுக்கென ஓர் உடற்பயிற்சிக் கூடம் ஏற்பட முன்நின்றவர்களில் சார்லட்டும் ஒருவர். அங்கே தவறாமல் போய்வந்தவர். ஓடுவதிலும் ஏறுவதிலும் தனக்கிருந்த வலுவைப் பற்றிப் பெருமைப்பட்டவர். அப்படிப்பட்ட உடம்பைத்தான் படுக்கையில் போட்டார்கள்.

அதே மிட்செலிடம் 1885இல் ஓவன் விஸ்டர் என்ற இளைஞர் வந்தார். அவருக்கும் நரம்புத் தளர்ச்சி, மனச்சோர்வு. அவரை மிட்செல் வயோமிங் பிரதேசத்துக்கு அனுப்பினார். அங்கே குதிரை ஏறினார், வேட்டையாடினார், திறந்த வெளியில் உறங்கினார். உடம்பும் தேறியது, எழுதுவதற்குப் பொருளும் கிடைத்தது. அந்த அனுபவத்திலிருந்து வந்த ‘த வெர்ஜீனியன்’ நாவல் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஏறத்தாழ ஒரே நோய், ஒரே மருத்துவர், இரண்டே ஆண்டு இடைவெளி. ஆணுக்குக் குதிரை, பெண்ணுக்குப் படுக்கை.

மாதத்தில் சில நாட்கள்

மிட்செல் தனியாள் இல்லை. அவருக்கு முன்பே, 1873இல், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த எட்வர்டு கிளார்க் ஒரு புத்தகம் எழுதினார். பருவமடையும் வயதில் பெண்கள் ஆண்களைப்போல ஓயாமல் படித்தால், கருப்பைக்குப் போக வேண்டிய சக்தி மூளைக்குப் போய்விடும், அவர்கள் நோயாளிகளாகவும் மலடிகளாகவும் ஆகிவிடுவார்கள் என்பது அவர் வாதம். மாதவிடாய் நாட்களில் படிப்பிலிருந்தும் உழைப்பிலிருந்தும் ஓய்வு வேண்டும் என்றார். பெண்கள் அப்போதுதான் கல்லூரி வாசலில் கால் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புத்தகம் பல பதிப்புகள் கண்டது.

அதற்குப் பதில் சொன்னவர் மேரி பட்னம் ஜேகோபி என்ற பெண் மருத்துவர். ஹார்வர்டு வழங்கிய பாய்ல்ஸ்டன் பரிசுக்கு, மாதவிடாயின்போது பெண்களுக்கு ஓய்வு தேவையா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு கட்டுரை அனுப்பினார். எழுதியவர் யார் என்று நடுவர்களுக்குத் தெரியாது. 1876இல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் வெறுமனே வாதாடவில்லை. பெண்களுக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பி 268 பேரிடமிருந்து பதில் வாங்கினார். வலி உண்டா, எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சிலருக்கு மாதம் முழுவதும் நாடித்துடிப்பையும் தசை வலுவையும் அளந்து பார்த்தார். நல்ல ஊட்டம் உள்ள பெண்ணுக்கு மாதவிடாய் என்ற ஒரே காரணத்துக்காக ஓய்வு அவசியமில்லை என்று முடிவு சொன்னார். நம் வீடுகளில் ‘தூரம்’ என்ற சொல்லோடு வளர்ந்த எனக்கு, பெண்களிடம் போய்க் கேட்டு எழுதலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே பெரிய விஷயமாகப் படுகிறது. அதுவரை பெண்ணின் உடம்பைப் பற்றிப் பேசியவர்கள் பெண்ணிடம் கேட்கவில்லை.

இந்த இரண்டு பெண்களும் பின்னால் சந்தித்தார்கள். மீண்டும் சோர்வில் விழுந்திருந்த கில்மனுக்கு 1901இல் நியூயார்க்கில் ஜேகோபி சிகிச்சை அளித்தார். மிட்செல் தடுத்த மூளை வேலையையே மருந்தாகக் கொடுத்தார். ஆனால் எடுத்த எடுப்பில் கொடுக்கவில்லை. பாலர் பள்ளிப் பிள்ளைகள் அடுக்கி விளையாடும் மரக்கட்டைகளிலிருந்து தொடங்கச் சொன்னார். சிறிய, சுமையில்லாத வேலை. அதிலிருந்து படிப்படியாகக் கனமான வாசிப்புக்குக் கொண்டுபோனார். தளர்ந்த ஒன்றை மீட்க அதையே கொஞ்சம் கொஞ்சமாக வேலைவாங்க வேண்டும் என்ற அறிவு அந்த மரக்கட்டைகளில் இருந்தது.

வேலையும் பயிற்சியும்

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். படுக்க வைக்கப்பட்டவர்கள் வசதியான வீட்டுப் பெண்கள்தானே? அவர்களுக்குப் பாலும் இறைச்சியும் கொண்டுவந்து கொடுத்தவள் எப்போது படுத்தாள்? தோட்டங்களிலும் ஆலைகளிலும் வேலைசெய்தவளுக்கு மாதவிடாய் ஓய்வு வேண்டும் என்று எந்தப் பேராசிரியரும் புத்தகம் எழுதவில்லை. பெண்ணுடல் மென்மையானது என்ற மருத்துவம், கூலிக்கு வேலைசெய்யும் பெண்ணுடலைக் கணக்கில் எடுத்ததே இல்லை. ஆகவே பெண்களுக்கு வரலாறு இரண்டு சீட்டுகளை எழுதிக்கொடுத்திருக்கிறது. ஒருத்திக்கு ஓய்வு, மற்றவளுக்கு ஓயாத உழைப்பு. பயிற்சி என்ற மூன்றாவது சீட்டு இருவருக்கும் கிடைக்கவில்லை.

நம்மூரில் இந்த இரண்டாவது சீட்டுக்கு ஒரு வாசகமே இருக்கிறது: ‘வீட்டு வேலை செய்தாலே போதும், தனியாக எக்சர்சைஸ் எதற்கு?’ அம்மியும் ஆட்டுக்கல்லும் உலக்கையும் இருந்த காலத்தில் பெண்களுக்கு நோயே வரவில்லை என்று மேடையில் பேசுபவர்கள், அந்த உலக்கையைப் பிடித்த பெண்ணின் முதுகைப் பார்த்ததில்லை. 15 லிட்டர் குடம் நிறைந்தால் 15 கிலோவுக்குக் குறையாது. அதை ஒரே இடுப்பில், ஒரே பக்கம் சாய்ந்து, நாளுக்கு இத்தனை நடை என்று வருடக்கணக்காகச் சுமப்பது உடற்பயிற்சி ஆகுமா?

ஆகாது என்பதற்கு மருத்துவக் காரணமே உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில், சிகாகோவில் ஓர் இராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர், முழங்கால் அறுவைக்குப் பிறகு தொடைத் தசை வற்றிப்போன வீரர்களைக் கவனித்துவந்தார். லேசான எடையைப் பலமுறை தூக்கவைப்பதுதான் அன்றைய வழக்கம். அவர் அதை மாற்றினார். ஒருவரால் பத்துமுறை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று கண்டுபிடித்தார். அதில் பாதி எடையைப் பத்துமுறை, முக்கால் எடையைப் பத்துமுறை, முழு எடையைப் பத்துமுறை என்று பின்னர் முறைப்படுத்தினார். வலு ஏறியதும் எடையைக் கூட்டினார். இன்று எந்த ஜிம்முக்குப் போனாலும் ‘மூன்று செட், பத்து தடவை’ என்று சொல்வார்களே, அது பிரபலமானது இப்படித்தான். சிறுவயதில் வாதக் காய்ச்சலில் படுத்துக் கிடந்து, பிறகு எடை தூக்கித் தேறியவர் டிலோர்ம் என்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதி.

இந்த முறையில் நான்கு விதிகள் இருக்கின்றன. சுமை உங்கள் உடம்பின் அளவிலிருந்து தொடங்க வேண்டும். உடம்பு வளர வளரச் சுமையும் வளர வேண்டும். இடையில் ஓய்வு வேண்டும், ஏனென்றால் தசை தன்னைச் சீர்செய்துகொள்வது ஓய்வில்தான். இதெல்லாம் விடாமல் நடக்க வேண்டும். குடத்தில் இந்த நான்கும் இல்லை. குடத்தின் எடையைத் தீர்மானிப்பது குடும்பத்தின் தாகம். காய்ச்சல் வந்தால் அது குறைவதில்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்பு என்று அது பார்ப்பதில்லை. அதில் விடாமல் நடப்பது மட்டும் இருக்கிறது, ஆனால் அந்தத் தொடர்ச்சி அவளுக்கானது இல்லை. வேலை உடம்பைச் செலவழிக்கிறது. பயிற்சி அந்த உடம்பில் முதலீடு செய்கிறது. இரண்டிலும் வியர்வை ஒன்றுதான் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

பயிற்சி என்ற சொல் ‘பயில்’ என்ற வேரிலிருந்து வருகிறது. பழந்தமிழில் பயிலுதல் என்றால் கற்பது மட்டுமல்ல, அடிக்கடி நிகழ்வதும் நெருங்கிச் செறிவதும்கூட. ஒரு நாள் செய்வதைப் பயிற்சி என்று தமிழ் சொல்லவில்லை. அடிக்கடி நிகழ வேண்டும் என்ற நிபந்தனை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், அடிக்கடி நிகழ்வதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் யாருடையது?

பெண்களின் கைகள்

இன்று அரசு ஆவணங்களில் இயன்முறை மருத்துவம் என்று எழுதப்படும் பிசியோதெரபியை ஒரு தொழிலாகக் கட்டியெழுப்பியதில் பெண்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1894இல் லண்டனில் நான்கு செவிலியர்கள் சேர்ந்து, பயிற்சிபெற்ற மசாஜ் பெண்களுக்கான ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். மசாஜ் நிலையம் என்ற பெயரில் பாலியல் தொழில் நடப்பதாக அன்று பத்திரிகைகளில் பெரிய சர்ச்சை. உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலை என்றாலே சந்தேகம். தேர்வு, சான்றிதழ், ஒழுங்கு விதிகள் என்று வைத்து அந்தப் பெண்கள் தங்கள் தொழிலைக் காப்பாற்றினார்கள். அந்தச் சங்கம்தான் 1920இல் அரச சாசனம் பெற்று, இன்று பிரிட்டனின் பிசியோதெரபி சங்கமாக இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் எலிசபெத் கென்னிக்கு அந்தச் சான்றிதழ்கூடக் கிடையாது. முறையாகச் செவிலியர் படிப்பு முடிக்காமல், குவின்ஸ்லாந்தின் உட்பகுதிகளில் குதிரையில் போய் வைத்தியம் பார்த்தவர். முதல் உலகப் போரில் இராணுவச் செவிலியாக இருந்தபோது கிடைத்த ‘சிஸ்டர்’ என்ற பதவிப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. போலியோ கண்ட குழந்தைகளின் கைகால்களை மட்டை வைத்துக் கட்டி, மாதக்கணக்கில் அசையாமல் வைப்பதுதான் அன்றைய மருத்துவம். கென்னி கட்டை அவிழ்த்தார். கம்பளித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, இறுகிய தசைகள்மீது ஒத்தடம் போட்டார். வலி தணிந்ததும் மூட்டுகளை மெல்ல அசைத்தார். எந்தத் தசையை நினைக்க வேண்டும் என்று குழந்தைக்கே சொல்லிக்கொடுத்து, தினமும் அதை இயக்கப் பழக்கினார்.

1938இல் குவின்ஸ்லாந்து அரசின் விசாரணைக் குழு அவருடைய முறையைக் கடுமையாக நிராகரித்தது. நோயைப் பற்றி அவர் சொன்ன விளக்கங்கள் எல்லாம் அறிவியல்படி சரியானவை அல்ல என்பதும் உண்மை. ஆனால் கட்டிப்போடுவதைவிட அசைப்பது நல்லது என்று அவர் கண்டது சரி. 1940இல் அவர் அமெரிக்கா போனார். 1942இல் மினியாபொலிஸ் நகரத்தில் அவர் பெயரில் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் மட்டைக் கட்டு வழக்கொழிந்தது. படிப்பு முடிக்காதவள் என்று ஒதுக்கப்பட்ட ஒருத்தி, பல நாட்டு மருத்துவர்களின் கைப்பழக்கத்தையே மாற்றிவிட்டாள்.

ஒரு காலுக்கு ஒரு குடும்பம்

தொடர்ச்சியைப் பற்றிப் பேசும்போது நம் காதில் விழும் சொற்கள் மனஉறுதி, வைராக்கியம், விடாமுயற்சி. அவை எல்லாம் தனியாளின் குணங்கள். வில்மா ருடால்ஃபின் வரலாறு வேறு ஒன்றைச் சொல்கிறது.

வில்மா 1940இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் குறைப்பிரசவத்தில் பிறந்தார். அப்பாவின் இரண்டு திருமணங்களிலும் சேர்த்து 22 பிள்ளைகள், அவர்களில் இவர் 20ஆவது. சிறுவயதிலேயே போலியோ தாக்கி இடது கால் செயலிழந்தது. அவர்கள் வாழ்ந்த கிளார்க்ஸ்வில் ஊரில் கறுப்பினக் குழந்தைக்குச் சிகிச்சை இல்லை. 50 மைல் தொலைவில் நாஷ்வில் நகரத்தில், கறுப்பின மருத்துவர்களை உருவாக்கிய மெஹாரி மருத்துவக் கல்லூரி இருந்தது. அம்மா பிளான்ச் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலைசெய்தவர். வாரந்தோறும் மகளைப் பேருந்தில், கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய பின்னிருக்கைகளில் உட்காரவைத்து அழைத்துப்போனார். இரண்டு ஆண்டு அப்படிப் போனார்கள்.

வாரம் ஒருமுறை சிகிச்சை போதாது. ஆகவே காலைப் பிடித்துவிடும் முறையை அம்மா கற்றுக்கொண்டு வந்து, வீட்டிலுள்ள மூத்த பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். நாளுக்கு நான்கு தடவை, முறைவைத்து, யாராவது ஒருவர் வில்மாவின் காலைப் பிடித்துவிட்டார்கள். நம்மூரில் காலிப்பர் என்று சொல்லும் இரும்புத் தாங்கியோடு பல ஆண்டு நடந்த வில்மா, பன்னிரண்டு வயதுவாக்கில் எந்தத் துணையும் இல்லாமல் நடந்தார். 16 வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என மூன்று தங்கம். ஊர் திரும்பியபோது, வெள்ளையரும் கறுப்பினரும் சேர்ந்து கலந்துகொள்ளாத வரவேற்பு தனக்கு வேண்டாம் என்றார். அந்த ஊரில் இருதரப்பும் சேர்ந்து நடந்த முதல் விழாவாக அந்த வரவேற்பு அமைந்தது.

இந்தக் கதையை வைராக்கியத்தின் கதையாகப் பள்ளிப் பாடங்கள் சொல்லும். எனக்கு அந்த நாளுக்கு நான்கு தடவை என்பதுதான் முக்கியம். அன்றாடக் கூலியில் வாழ்ந்த ஒரு வீடு, ஒரு பெண் குழந்தையின் காலுக்காகத் தன் நேரத்தைப் பங்குபோட்டுக்கொண்டது. அக்காவும் அண்ணனும் தங்கள் முறை வந்தபோது தட்டவில்லை. அவள் உடம்பின் தொடர்ச்சி பல பேருடைய கைகளில் இருந்தது. நம் வீடுகளில் அம்மாவின் முழங்காலுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த பயிற்சிக்கு யார் முறைவைக்கிறார்கள்? ‘அம்மா செய்வதே இல்லை, சோம்பல்’ என்று சொல்லும் வீட்டில், அம்மா அதைச் செய்ய வேண்டிய காலை நேரத்தில் யாருக்கோ இட்லி வேகிறது.

பேர் தெரியாத பயிற்சி

இருமினால், தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிவது பிரசவத்துக்குப் பிறகு ஏராளமான பெண்களுக்கு நேர்கிறது. கருப்பை இறக்கம் சிலருக்கு. ‘பிள்ளை பெத்தா அப்படித்தான்’ என்று பாட்டி அம்மாவுக்கும், அம்மா மகளுக்கும் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். பேருந்துப் பயணத்தைத் தவிர்ப்பவர்களும், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்பவர்களும் நம் நடுவே இருக்கிறார்கள். அவர்கள் யாரும் காரணத்தைச் சொல்வதில்லை.

இதற்கு மருந்தும் கத்தியும் இல்லாத ஒரு சிகிச்சை உண்டு. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளை இறுக்கி, சில நொடி வைத்திருந்து, தளர்த்துவது. உலகம் இதைக் கீகல் பயிற்சி என்று அழைக்கிறது. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்டு கீகல் 1948இல் இதைப் பற்றி எழுதினார், தசையின் வலுவை அளக்க ஒரு கருவியும் செய்தார். ஆனால் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1936இல், நடனக் கலைஞராக இருந்து பிசியோதெரபியும் கற்ற மார்கரெட் மாரிஸ், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மின்னி ராண்டெலோடு சேர்ந்து பிரசவத்துக்கும் அறுவைக்கும் பிந்தைய பயிற்சிகளைப் புத்தகமாக வெளியிட்டிருந்தார். இந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அவர் அப்போதே கற்பித்தார். பெயர் மட்டும் ஆணுடையதாக நிலைத்துவிட்டது.

இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் இந்தப் பயிற்சியை நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டு முறையாவது, குறைந்தது மூன்று மாதம் செய்யச் சொல்கின்றன. மூன்று மாதம் என்பதுதான் இதில் கடினம். முதல் சில வாரங்களில் எந்த மாற்றமும் தெரியாது. தெரியாதபோது விட்டுவிடுவது இயல்பு. பேச முடியாத ஒரு தொல்லைக்கு, யாருக்கும் தெரியாமல், பலன் தெரியாமல், தனியாகச் செய்ய வேண்டும் என்றால் யாரால் தொடர முடியும்? மௌனம்தான் இங்கே முதல் நோய். பேசத் தொடங்கிய பெண்கள்தான் தொடர்ந்து செய்கிறார்கள்.

இதை நான் வேறொரு வலியில் தெரிந்துகொண்டேன். 44 வயதில் எனக்கு வலது தோள் இறுகிப்போனது. நாற்பதுகளில் பெண்களுக்கு அதிகம் வருவது இது. கரும்பலகையின் பாதி உயரத்துக்கு மேல் கை எழவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒரு தாளில் ஐந்து பயிற்சிகள் எழுதிக்கொடுத்தார். அதில் ஒன்று, சுவரை ஒட்டி நின்று விரல்களால் நடந்து நடந்து கையை மேலே ஏற்றுவது. வீட்டில் அதற்கு ஒரு சுவர் காலியாக இருக்கும் நேரம் வாய்க்கவில்லை. கல்லூரியில் பேராசிரியைகளின் ஓய்வறையில், இரண்டாம் பாடவேளை முடிந்ததும் செய்யத் தொடங்கினேன். எட்டும் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். ஒரு மாதத்தில் அந்தச் சுவரில் இன்னும் மூன்று பேருடைய கோடுகள் சேர்ந்தன. ஒருவர் வராத நாளில் மற்றவர் போய்க் கூப்பிட்டார். என் கை கரும்பலகையின் உச்சியைத் தொட ஏழு மாதம் ஆனது. என் மனஉறுதியைவிட அந்தச் சுவரும் அந்தத் தோழிகளும்தான் அதற்குக் காரணம்.

வேலூரில் ஒரு முன்னோடி

தமிழ்நாட்டில் இந்த வரலாற்றுக்கு ஒரு பெரிய பெயர் உண்டு. கொச்சியில் 1925இல் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானவர். 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வும் இயக்கமும் போய்விட்டன. இனி மருத்துவம் பார்க்க முடியாது என்றுதான் அவர் உட்பட எல்லோரும் நினைத்தார்கள். பால் பிராண்டு என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அப்போது வேலூரில் உருவாக்கியிருந்தார். கைக்கான அறுவையை உட்கார்ந்தே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடி அதைக் கற்று, செய்யத் தொடங்கினார்.

அந்த அறுவைக்கு ஒரு தன்மை உண்டு. வேறொரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலில் பொருத்துவார்கள். கத்தியின் வேலை அதோடு முடிந்துவிடும். ஆனால் அந்தத் தசைக்குத் தன் புதிய வேலை தெரியாது. நோயாளி தினமும் பயிற்சி செய்து, வாரக்கணக்கில் அதைப் பழக்க வேண்டும். பழக்காவிட்டால் அறுவை வீண். இதை அன்றாடம் பார்த்தவர், தன் உடம்பிலும் வாழ்ந்தவர் மேரி வர்கீஸ். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கே, முதுகெலும்பு பாதிக்கப்பட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெறுவதற்கான மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தான் இழந்த நடையை அவர் திரும்பப் பெறவில்லை. கைகளில் இருந்த வலுவைக் கொண்டு வாழ்க்கையைத் திரும்பப் பெற்றார். ‘குணமாதல்’ என்ற சொல்லுக்குப் பழைய நிலைக்குத் திரும்புதல் என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது என்பதற்கு அவரே சான்று.

தொண்ணூறு வயதில்

1990இல் மரியா ஃபியடரோன் என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாஸ்டன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த பத்து பேரை எடுத்துக்கொண்டார்கள். சராசரி வயது 90. தளர்ந்தவர்கள், பல நோய் உள்ளவர்கள். அந்த வயதில் எடை தூக்கவைப்பது ஆபத்து என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். டிலோர்மின் அதே விதிகளோடு, எட்டு வாரம், தொடைத் தசைகளுக்குக் கடினமான பயிற்சி கொடுத்தார்கள். முழுதும் முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். தசை வளர்வதற்கு வயது வரம்பில்லை என்று அந்தத் தொண்ணூறு வயதுக் கால்கள் நிரூபித்தன.

அந்த ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் அவர்களுடைய வலுவில் 32 சதவீதம் போய்விட்டது. இதைச் சோர்வூட்டும் செய்தியாகப் பலர் வாசிக்கிறார்கள். எனக்கு இது அரசியல் செய்தி. வலு நகையைப்போலப் பெட்டியில் வைத்துப் பூட்டக்கூடிய சொத்து இல்லை. ஒருமுறை கிடைத்த நேரம் போதாது, அது மறுபடி மறுபடி கிடைக்க வேண்டும். மகளின் தேர்வு, மாமியாரின் மருத்துவமனை, வீட்டில் ஒரு கல்யாணம் என்று நான்கு வாரம் போனால் உடம்பு அதைக் கணக்கில் எழுதிவைத்துக்கொள்ளும். போன பிறகு மறுபடி தொடங்கினால், அதையும் எழுதிவைத்துக்கொள்ளும்.

ஆகவே பெண்களின் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது. அவளுடைய அந்த அரைமணி நேரத்தில் அடுப்பை யார் பார்ப்பார்கள்? பத்து வீட்டில் வேலைசெய்யும் பெண்ணுக்கும், களத்துமேட்டில் நிற்பவளுக்கும் அந்த அரைமணி நேரம் கூலியோடு கிடைக்குமா? ஊர் விளையாட்டுத் திடலில் மாலை ஆறு மணிக்கு ஐம்பது வயதுப் பெண் கைவீசி நடக்க இடம் உண்டா? இவற்றுக்குப் பதில் கிடைக்கும்வரை, அவரவருக்கு எட்டுகிற சுவரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் இன்னொருத்திக்கும் இடம் விட்டுவைக்கலாம்.